ரப்பர் பிடி கம்பி பிரஷ்: ஜாஸ் டிரம்மருக்கு ஏற்றதா?

ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் மூவர் குழுவில் 1959 முதல் 1965 வரை டிரம்ஸ் வாசித்த எட் திக்பென், குச்சிக்குப் பதில் மெல்லிய கம்பிக் கற்றையால் வாசிக்கும் பிரஷ் வாசிப்பில் பெரும் பெயர் பெற்றவர். அந்த வழியில் போக விரும்புகிறவர் முதலில் வாங்க வேண்டியது, கம்பியை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடிய ரப்பர் பிடி பிரஷ்தான்.

இதன் பெரிய பலம், விசிறிபோல் விரியும் கம்பிகளின் அகலத்தை மாற்றலாம் என்பது. முழுக்க விரித்தால் பேலட் எனும் மெதுவான பாட்டுக்குத் தேவையான அகலமான, மென்மையான உரசல் கிடைக்கும். பாதி இழுத்தால் கம்பிகள் நெருங்கி, வேகமான ஸ்விங் தாளத்தில் ஒவ்வொரு தட்டும் தெளிவாக விழும். ரப்பர் பிடி வியர்த்த கையிலும் வழுக்காது.

சொரசொரப்பான கோட்டிங் உள்ள ஸ்னேர் ஹெட் (ஸ்னேர் டிரம்மின் மேல்தோல்) கட்டாயம். வழவழப்பான ஹெட்டில் உரசல் ஒலி சரியாக எழாது. கோட்டிங் தேய்ந்த இடத்திலும் ஒலி மெலியும். அதற்குப் பிரஷ்ஷைக் குறை சொல்லக்கூடாது, ஹெட்டை மாற்றுங்கள். அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். கம்பி நுனி வளைந்து ஹெட்டில் சிக்கும், கோட்டிங்கைக் கீறும். வளைந்த கம்பியை நிமிர்த்த முயல்வது வீண், அடியோடு வெட்டிவிடுவதே நல்லது.

குறை ஒன்று உண்டு. பின்பக்க இழுகம்பியின் பிடிப்பு நாளடைவில் தளர்ந்து, ஓங்கி அடிக்கும்போது விசிறி தானாக உள்ளே நழுவும். வாங்கும்போதே இழுத்துத் தள்ளிப் பாருங்கள். சற்று இறுக்கமாக நகர்வதையே எடுங்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளை உள்ளே இழுத்து வையுங்கள், பையில் கிடந்து வளையாது.