கஜா நிவாரணமும் தென்னைக் காப்பீடும்: ஒரு தோப்புக்காரன் ரிவ்யூ

நிவாரணத்துக்கு ஐந்துக்கு மூன்று ஸ்டார். பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றும் பணம் வந்ததற்காக. குறைத்த இரண்டும் அந்தப் பணம் எதைக் கணக்கில் எடுத்தது, எதை விட்டது என்பதற்காக.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா புயல், நாகை, திருவாரூர் போதாதென்று பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் வரைக்கும் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. நெல் போனால் அடுத்த போகத்தில் எழுந்து நிற்கலாம், தென்னைக்கு அந்த வசதி கிடையாது. நெட்டை ரகத் தென்னம்பிள்ளை (கன்று) வைத்து ஆறேழு வருஷம் தண்ணீர் கட்டினால்தான் பாளை விடும், நன்றாகக் காய்க்க இன்னும் சில வருஷம் போக வேண்டும். நிவாரணத்தை நான் அளப்பது இந்தக் காத்திருப்பை வைத்துத்தான்.

மாநில அரசு அறிவித்தது மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று போட்டால் 1,92,500 ரூபாய். கேட்கும்போது பெரிய தொகை மாதிரி இருக்கும், நல்ல காய்ப்பில் இருந்த மரத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு வருஷத்துத் தேங்காய்க் காசுக்கு நிற்குமா என்பதே சந்தேகம். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அப்போது நடப்பில் இருந்த மத்தியப் பேரிடர் நிவாரண விதிப்படி தென்னை மாதிரியான பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு வெறும் 18,000 ரூபாய்தான், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைக்கும்தான். மரத்துக்குப் பிரித்தால் சுமார் 103 ரூபாய். 2022இல் விதியைத் திருத்தி 22,500 ஆக்கினார்கள், அதுவும் மரத்துக்குச் சுமார் 129 ரூபாய்தான். அந்த விதியோடு நிறுத்தியிருந்தால் எங்கள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். தமிழகம் சுமார் 15,000 கோடி கேட்டது, மத்திய அரசு அந்த டிசம்பர் கடைசியில் ஒப்புதல் கொடுத்தது 1,146 கோடி. ஆகவே திட்டுகிறவர்கள் திட்டுவதைச் சரியான வாசலில் போய்த் திட்டலாம்.

இதில் எனக்கு உருப்படியாகப் பட்டது அந்த 500 ரூபாய்தான். பலரும் இதைச் சில்லறை என்று நினைத்தார்கள். விழுந்த மரம் தோப்பில் கிடந்து மக்கினால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டை வைக்கும், பிறகு தப்பிப் பிழைத்த நாலு மரத்தின் குருத்தையும், புதிதாக வைத்த பிள்ளையையும் குடைந்து தள்ளிவிடும். அதனால் அகற்றுவதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினது புத்திசாலித்தனம். தொகைதான் பற்றவில்லை. மாவட்டம் முழுக்க ஒரே நேரத்தில் ஜேசிபிக்கும் மரம் அறுக்கிற ஆளுக்கும் அலைந்தால் வாடகை என்ன ஆகும்? வெட்டின கட்டையை வாங்கவும் ஆள் இல்லை. இதில் மின்கம்பங்கள் லட்சத்துக்கும் மேலே சாய்ந்து கிடந்ததால் பம்ப்செட்டும் ஓடவில்லை, பிள்ளை வைத்தவர்கள் டீசல் இன்ஜின் தேடி ஓடினார்கள்.

கணக்கெடுப்புக்கு வருகிறேன், ஒரு ஸ்டார் முழுதாகப் போனது இங்கேதான். மரம் எத்தனை இருந்தது என்பதற்கு ஆதாரம் தோப்பில் கிடக்கிறது, ஆனால் பணம் நகர்வது பட்டாவையும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று விஏஓ எழுதுகிற அடங்கலையும் வைத்து. தாத்தா பேரிலேயே பட்டா இருக்கிற பங்காளிகள், வாய்மொழிக் குத்தகைக்காரர்கள், அடங்கலில் இன்னும் நெல் என்றே இருக்கிற தோப்புக்காரர்கள், இவர்கள் பாடு சொல்லி மாளாது. என் விஷயத்தில் எண்ணினவர்கள் எழுதினதும் பட்டியலில் வந்ததும் ஒத்துப்போகவில்லை, மனு எழுதித் திருத்த வேண்டியதாயிற்று. வந்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர்கள் வீட்டு ஓடும் பறந்துதான் போயிருந்தது.

தேக்கு, சவுக்கு வைத்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். அப்போதைய மத்திய விதியில் நெல் இருந்தது, தோட்டக்கலைப் பயிர் இருந்தது, பட்டுப்புழு வளர்ப்புக்குக்கூடத் தனி வரி இருந்தது, கட்டைக்காக வளர்க்கிற மரத்துக்கென்று ஒரு வரி இல்லை. அமெரிக்காவில் சொந்தமாகக் காடு வைத்திருப்பவர்களுக்கென்றே அவசரகால வனச் சீரமைப்புத் திட்டம் ஒன்று உண்டு, விழுந்ததை அகற்றி மறுபடி நடும் செலவில் 75 சதவீதம் வரை தருவார்கள். அங்கேயும் போன மரத்தின் விலையைத் தருவதில்லை, சீர்செய்யும் செலவு மட்டும்தான். ஆனாலும் காட்டுக்காரன் என்று ஒருத்தன் இருக்கிறான் என்பதாவது ஏட்டில் இருக்கிறது.

அப்புறம் காப்பீடு. நெல்லுக்குப் பிரதமர் பயிர்க் காப்பீடு எல்லோருக்கும் தெரியும், சம்பாவுக்கு ஒன்றரை சதவீதம் பிரீமியம். தென்னைக்குத் தனியாக ஒன்று இருப்பது எங்கள் பக்கமே பாதிப் பேருக்குத் தெரியாது. தென்னை வளர்ச்சி வாரியமும் இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனமும் நடத்துவது. 4 முதல் 15 வயது மரத்துக்கு வருஷப் பிரீமியம் 9 ரூபாய், காப்பீட்டுத் தொகை 900. 16 முதல் 60 வயது வரை 14 ரூபாய், தொகை 1,750. பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால்வாசியை மாநில அரசும் கட்டுகின்றன, நம் கையிலிருந்து போவது மரத்துக்கு இரண்டேகால் ரூபாய், பெரிய மரம் என்றால் மூன்றரை. ஒரு டீ காசுக்கு மூன்று மரம்! குறைந்தது ஐந்து மரம் இருந்தாலே சேரலாம். புயல், வெள்ளம், இடி, தீ, வறட்சி எல்லாம் சேர்த்தி.

மரம் சாகிற அன்றைக்குத்தான் இதுவும் பணம் தருகிறது, அடுத்த ஆறேழு வருஷம் வருமானம் இல்லாமல் இருப்பதற்கு இதிலும் வழி கிடையாது. 900 ரூபாய் என்பதும் எந்தக் காலத்து விலையோ. ஆனாலும் இந்தப் பிரீமியத்துக்கு நான்கு ஸ்டார் தாராளமாகத் தருவேன். ஐந்தாவது ஸ்டாரை, இப்படி ஒன்று இருக்கிறது என்று தோப்புத் தோப்பாக வந்து சொல்லும் வரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தோப்பு வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் அடங்கலை எடுத்துப் பாருங்கள், நெல் என்று இருந்தால் விஏஓவிடம் சொல்லித் தென்னை என்று மாற்றுங்கள், மரங்கள் நிற்கும்போதே வரப்போரம் நின்று நாலு போட்டோ பிடித்து வையுங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிச் சண்டையையும் அதற்குள் முடித்துவிடப் பாருங்கள், அது முடியுமா என்பது வேறு விஷயம்.