கண்டவருக்கு என்ன கூலி? சிவிலைசேஷன் 6-இன் இயற்கை அதிசயங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்3 சாலையில் மேற்கே போகிறவர்களுக்கு டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர் ஒரேயடியாகக் காட்சி தராது. எஸ்ட்கோர்ட் பக்கம் வரும்போது வானத்தின் அடியில் ஒரு நீலக் கோடு தெரியும். மேகமா மலையா என்று சந்தேகமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் போனால்தான் பாறைச் சுவர் என்று உறுதியாகும். வரலாற்று வியூக ஆட்டத்தில் இயற்கை அதிசயமும் இப்படித்தான் வர வேண்டும். தேடிப் போகிறவனுக்கு எட்டத்திலேயே ஆசை காட்ட வேண்டும். கிட்டே போனதும் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். அங்கேயே குடியேறினால் பிள்ளை குட்டிகளுக்கும் சோறு போட வேண்டும். இந்த மூன்றையும் எந்த அளவுக்குச் செய்கிறது என்பதை வைத்துத்தான் 2016 அக்டோபரில் வெளிவந்த சிவிலைசேஷன் 6 கணினி ஆட்டத்தை இங்கே எடைபோடுகிறோம். போர், ராஜதந்திரம் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள்.

முதலில் காட்சி. மூடுபனிக்குள் ஸ்கவுட் என்ற வேவுப் படை ஒரு மேட்டில் ஏறுகிறது, பனி விலகுகிறது, கேமரா தானாகவே இறங்கிப் போய் அந்த மலையையோ ஏரியையோ சுற்றிக் காட்டுகிறது. சில விநாடிகள்தான், ஆனால் ஆட்டம் முழுவதிலும் மனத்தில் நிற்கிற விநாடிகள் அவை. இதை அமைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

காட்சி முடிந்ததும் கிடைக்கும் கூலியில்தான் குறை. எந்த அதிசயத்தைக் கண்டாலும் அஸ்ட்ராலஜி தொழில்நுட்பத்துக்கு யுரேகா என்ற ஆராய்ச்சித் தள்ளுபடி கிடைக்கும். ஆட்டம் வெளிவந்தபோது இருந்த கணக்கில் அது ஆராய்ச்சிச் செலவில் பாதி. ஹோலி சைட் என்ற கோவில் வளாகம் கட்ட அஸ்ட்ராலஜிதான் வாசல் என்பதால் மதம் தொடங்க நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் யுரேகா ஒருமுறைதான். இரண்டாவது, மூன்றாவது அதிசயத்தைத் தேடி ஸ்கவுட் காட்டிலும் பாலையிலும் அலைந்து திரும்பினால், விரிவாக்கம் (கூடுதல் தொகுதி) எதுவும் இல்லாத ஆட்டத்தில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் காட்சிதான். 2018-இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கம் இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. அதில் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் எரா ஸ்கோர் என்ற யுகப் புள்ளி தரும், பொற்காலம் எட்டுவதற்கு இரண்டு மூன்று புள்ளிகள் குறையும் நேரத்தில் அது தங்கம் மாதிரி. அதனால் அந்த விரிவாக்கம் இல்லாமல் வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

முந்தைய பாகமான சிவிலைசேஷன் 5 இதற்கு நேர் எதிர். அங்கே கண்ட மாத்திரத்தில் கூலி. ஒவ்வொரு அதிசயத்துக்கும் நாட்டின் மகிழ்ச்சி ஒன்று ஏறும். எல் டொராடோவை முதலில் காண்பவருக்கு 500 பொன். ஸ்பெயின் நாட்டை எடுத்து ஆடினால் எந்த அதிசயத்தை முதலில் கண்டாலும் 500 பொன், பிந்திக் கண்டால் 100. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே 500 பொன் கிடைத்தால் இரண்டாவது ஊரை உடனே விலைக்கு வாங்கிவிடலாம். அதிசயம் பக்கத்தில் விழுந்த ஸ்பெயின் மற்றவர்களை ஓட்டிவிடும், விழாத ஸ்பெயின் வெறுங்கையோடு நிற்கும். தேடலுக்குக் கூலி கொடுக்கப் போய் அதிர்ஷ்டத்துக்குக் கூலி கொடுத்த கதை இது. 6-ஆம் பாகம் கண்டவுடன் கொடுப்பதைச் சுருக்கி, நிலத்தில் கொடுப்பதைப் பெருக்கியது இந்தப் பாடத்தால்தான் என்று தோன்றுகிறது. கொஞ்சம் அதிகமாகவே சுருக்கிவிட்டார்கள்.

நிலத்தில் கொடுக்கும் விதம் அருமை. கிளிமஞ்சாரோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டம்தான் (மேப்பின் ஓர் அறுகோணம்), மேலே ஏற முடியாது. ஆனால் சுற்றியுள்ள 6 கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் 2 உணவு கூடும், மொத்தம் 12. மடகாஸ்கரின் சிங்கி டி பெமராகாவும் ஒரு கட்டம். அது சுற்றிலும் 1 கலாசாரம், 1 அறிவியல் தரும். 6 கட்டத்துக்குக் கணக்குப் போட்டால் அதுவும் 12. வகை வேறு, பட்ஜெட் ஒன்று. எவரெஸ்ட் மூன்று கட்டம். முக்கோணமாக அமையும்போது சுற்றிலும் 9 கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 ஃபெயித், அதாவது மத நம்பிக்கைப் புள்ளி.

டோரெஸ் டெல் பைனே தனி ரகம். அது புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, பக்கத்து நிலத்தின் சொந்த வரவை இரட்டிப்பாக்குகிறது. 1 உணவு, 2 உற்பத்தி தரும் சமவெளிக் குன்று 2 உணவு, 4 உற்பத்தி தரும். அதன் மேல் காடு இருந்தால் காட்டின் 1 உற்பத்தி இரட்டிக்காது, நிலத்தின் வரவு மட்டும்தான் இரட்டிக்கும். இரண்டு கட்டம் கொண்ட இந்த மலையைச் சுற்றி 8 கட்டங்கள். அவற்றில் நான்கு குன்றாக இருந்துவிட்டால் அந்த ஊர் தலைநகரையே மிஞ்சிவிடும். பனிப் பக்கத்து ஏரியும் தரிசுமாக இருந்தால் இரட்டித்தும் பயனில்லை. கண்ட இடத்தில் குதித்துக் குடியேறாமல், சுட்டியை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுக்க வைக்கிறது. நல்ல வடிவமைப்பு என்றால் இதுதான்.

புதியவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது தண்ணீர். நன்னீர் ஓரத்து ஊருக்கு 5 ஹவுசிங் (குடியிருப்பு இடம்), கடலோரத்துக்கு 3, இரண்டும் இல்லாவிட்டால் 2. கிளிமஞ்சாரோவின் 12 உணவை நம்பி வறண்ட கட்டத்தில் ஊர் வைத்தால், மக்கள்தொகை ஹவுசிங்கைத் தொட்டதும் வளர்ச்சி கால்வாசியாகிவிடும். சோறு மலைபோல் குவிந்திருக்கும், உண்ண ஆள் இராது. ஊரை மலையை ஒட்டியே வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 3 கட்டத் தூரம் வரை மக்கள் வேலை செய்வார்கள் என்பதால் ஆற்றோரத்தில் இரண்டு கட்டம் தள்ளி வைத்துவிட்டு அதிசயத்தை மெல்ல வளைத்துக்கொள்ளலாம். அவசரமானால் இடைக் கட்டங்களைப் பொன் கொடுத்து வாங்கலாம்.

இரண்டாவது, ஹோலி சைட். இயற்கை அதிசயத்தை ஒட்டிக் கட்டினால் 2 ஃபெயித் கூடுதல் என்று படித்துவிட்டு, அதிசயம் தரும் மிகச் சிறந்த கட்டத்தின் மேலேயே அதை வைத்துவிடுவார்கள். ஹோலி சைட் போன்ற டிஸ்ட்ரிக்ட் வைத்த கட்டத்தின் நில வரவு போய்விடும். கிளிமஞ்சாரோ என்றால் 12 உணவு 10 ஆகும். பக்கத்துக் கட்டங்களில் எது தரிசோ அதைக் கோவிலுக்குக் கொடுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் வலிப்பது. ரைஸ் அண்ட் ஃபால் வந்த பிறகு லாயல்டி, அதாவது ஊரின் விசுவாசம், என்று ஒன்று உண்டு. 9 கட்டத்துக்குள் இருக்கும் அந்நிய ஊர்களின் மக்கள்தொகை உங்கள் ஊரை இழுக்கும். உலகத்தின் மறுகோடியில் அதிசயத்தைக் கண்டு, குறைந்தது 80 உற்பத்தியும் ஒரு குடியும் செலவழித்து, குடியேறும் செட்லரை அனுப்பி ஊர் வைத்தால், சில டர்ன்களில் (ஆட்டச் சுற்றுகளில்) அது கலகம் செய்து பிரிந்துவிடும். செட்லரோடு கூடவே கவர்னரை அனுப்பும் திட்டம் இருக்க வேண்டும். அவரால் டர்னுக்கு 8 லாயல்டி கிடைக்கும், ஆனால் பெரும்பாலான கவர்னர்கள் முழுமையாகப் பொறுப்பேற்க 5 டர்ன் ஆகும். ஊர் தாக்குப்பிடிக்குமா என்பதை செட்லர் லென்ஸ் என்ற மேப் காட்சியில் பார்த்துவிட்டே காலெடுத்து வையுங்கள். காவலுக்கு ஒரு வீரனும் வேண்டும். தனியாகப் போகும் செட்லரைக் கொள்ளையர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள்.

தேடலுக்கே கூலி தரும் அதிசயங்கள் 6-இல் சிலதான், அவையே எங்களுக்கு மிகவும் பிடித்தவை. ஜயன்ட்ஸ் காஸ்வேயை ஒட்டி நடக்கும் தரைப்படைக்கு 5 வலிமை நிரந்தரமாகக் கூடும். நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. படை திரட்டியதும் அந்த வழியாக ஒரு சுற்று கூட்டிப்போய்விட்டு, பிறகு சண்டைக்குப் போகலாம். வேறொருவர் அதைத் தன் எல்லைக்குள் வளைத்து, எர்லி எம்பயர் என்ற குடிமைக் கலையைக் கற்று எல்லையை மூடினால் வழி அடைபடும். அதனால் முந்திக்கொள்ள வேண்டும். ஒரு மலை இருக்கிறது என்று தெரிவதே இங்கே படைத்தலைவனின் திட்டத்தை மாற்றுகிறது. எல்லா அதிசயங்களிலும் இப்படி ஒரு சிறு பலனாவது வழிப்போக்கனுக்கு இருந்திருக்க வேண்டும்.

ஆட்டத்தின் கடைசிக் காலத்துக்கும் ஒரு கூலி வைத்திருக்கிறார்கள், அது தேசியப் பூங்கா. கன்சர்வேஷன் கற்றபின் ஃபெயித் கொடுத்து, பூங்கா அமைக்கும் நேச்சுரலிஸ்ட்டை வாங்கலாம். வைர வடிவில் செங்குத்தாக 4 கட்டங்கள், நான்கும் ஒரே ஊரின் நிலம், ஒன்றிலும் பண்ணையோ சுரங்கமோ டிஸ்ட்ரிக்டோ கூடாது. இயற்கை அதிசயமும் மலையும் அழகு மதிப்புப் பார்க்காமலே தகுதி பெறும். இங்கேயும் முன்யோசனை தேவை. நூறு டர்னுக்கு முன்னால் அதிசயத்தின் பக்கத்தில் சுரங்கம் தோண்டியவர் இப்போது அதை இடிக்க வேண்டியிருக்கும்.

ஒரு மேப்பில் எத்தனை அதிசயம் விழும் என்பது மேப்பின் அளவைப் பொறுத்தது. ஸ்டாண்டர்ட் அளவில் 5, ஹியூஜ் அளவில் 7. பிற்கால அப்டேட்டில் வந்த நேச்சுரல் வொண்டர் பிக்கர் மூலம் எவை வரலாம், எவை கூடாது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். கிளிமஞ்சாரோ, சிங்கி, சஹாராவின் கண் ஆகியவற்றை மட்டும் வைத்தால் ஆப்பிரிக்க ஆட்டம் ஒன்று தயார். கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தில் கிளிமஞ்சாரோ வெடிக்கவும் செய்யும். பண்ணைகள் நாசமாகும், பிறகு மண் வளமாகும்.

ஆனால் தென்னாப்பிரிக்கா? ஷாகா தலைமையில் ஜுலு நாடு உண்டு, நம் மலை ஒன்றுகூட இல்லை. 2025 பிப்ரவரியில் வந்த 7-ஆம் பாகத்தில்தான் ஹோரிக்வாகோ வந்தது. கேப் டவுனின் 1,086 மீட்டர் டேபிள் மவுண்டனுக்குக் கோய் மக்கள் வைத்த பெயர் அது, கடலில் நிற்கும் மலை என்று பொருள். ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு இதை எடுத்தது மரியாதையான முடிவு. அதே பாகத்தில் சோழர்களும் இருக்கிறார்கள். சோழர் கப்பல் ஹோரிக்வாகோவைக் காணும் ஆட்டத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடலாம் என்பதே ஒரு சந்தோஷம். தேடல் விஷயத்திலும் 7 ஒரு படி மேலே. ஆழ்கடலுக்கு அப்பாலுள்ள தூர தேசங்கள் முதல் யுகத்தில் எட்டாது, இரண்டாவது யுகத்தில்தான் திறக்கும். 6-இல் பாதி ஆட்டத்திலேயே மேப் தீர்ந்துபோகும் சலிப்பு இங்கே குறைவு.

மாட் (ஆட்டத்தில் சேர்க்கும் ரசிகர் மாற்றம்) செய்யத் தெரிந்தவர்கள் 6-இல் டிராக்கன்ஸ்பெர்க்கை அமைப்பதானால் எங்கள் யோசனை இது: மூன்று கட்டம் நேர்கோட்டில், ஏற முடியாத சுவராக. அப்படி வைத்தால் சுற்றிலும் 10 கட்டங்கள் வரும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1 கலாசாரம் மட்டும் போதும். கட்டத்துக்கு இரண்டு வைத்தால் 20 ஆகி, கிளிமஞ்சாரோவின் 12-ஐத் தாண்டி ஆட்டமே சாய்ந்துவிடும். கலாசாரம் ஏன் என்றால், அந்த மணற்கல் குகைகளில் சான் மக்கள் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. மிச்சமுள்ள பட்ஜெட்டை வழிப்போக்கனுக்குக் கொடுங்கள். முதல்முறை ஒட்டி நடக்கும் ஸ்கவுட்டுக்கு ஒரு ப்ரமோஷன்.

வாங்குகிறவர்களுக்கு: 6-ஆம் பாகத்தை இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த தொகுப்பாக, தள்ளுபடி வரும்போது வாங்குங்கள். அடிக்கடி வரும். லோட் ஷெடிங் மின்வெட்டு அட்டவணை திரும்ப வந்தாலும் வராவிட்டாலும், ஆப்ஷன்ஸில் ஆட்டோசேவை ஒவ்வொரு டர்னுக்கும் என்று முதலிலேயே மாற்றிவிடுங்கள்.