நெடுந்தூர ரைஃபிள் பயிற்சி: இரண்டு நாள் வகுப்பில் என்ன கிடைக்கும், இரண்டு ஆண்டுக்குப் பின் என்ன மிஞ்சும்

அமெரிக்காவில் இரண்டு, மூன்று நாள் நடக்கும் நெடுந்தூர ரைஃபிள் வகுப்புக்குப் போய் வந்தவர்கள் முதலில் பேசுவது 1,000 கஜத்தில் இரும்புத் தகட்டை அடித்ததைப் பற்றித்தான். உண்மையில் அது பெரிய காரியம் இல்லை. தூரம் அளந்து வைத்த மைதானம், பக்கத்தில் ஸ்பாட்டிங் ஸ்கோப்போடு (தோட்டா விழுவதைப் பார்க்கும் தொலைநோக்கி) ஆசிரியர், அவர் வாயால் சொல்லும் காற்றுத் திருத்தம், இந்த மூன்றும் இருந்தால் அசையாமல் படுத்துச் சுடத் தெரிந்த யாரும் முதல் நாள் சாயங்காலத்துக்குள் அடித்துவிடலாம். அடுத்த வருடம், ஆசிரியர் இல்லாமல், வேறொரு மைதானத்தில், முதல் தோட்டா எங்கே விழுகிறது என்பதில்தான் வகுப்பின் தரம் தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. மைதானத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு; அதை அன்றைக்குக் கையில் கொண்டுபோக வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. அதற்குமேல் சில பள்ளிகள் தங்கள் பங்குக்குக் குடியுரிமை ஆவணம் கேட்பதுண்டு. முன்பணம் அனுப்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரைஃபிள் விஷயத்தில் நம் பரிந்துரை எளிது: 6.5 கிரீட்மோர். 2007-ல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த இந்தக் கேலிபர் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது. 140 கிரெயின் எடையுள்ள தோட்டா, நொடிக்கு சுமார் 2,700 அடி வேகம், கடல்மட்டக் காற்று என்று வைத்துக்கொண்டால் 1,000 கஜத்துக்கு டரெட்டில் (ஸ்கோப்பின் குறியை மாற்றும் குமிழ்) எட்டரை மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று ஏறக்குறைய 2 மில் தள்ளும். அதே இடத்தில் .308 வின்செஸ்டரில் 175 கிரெயின் தோட்டாவைச் சுட்டால் காற்றுத் தள்ளல் 3 மில்லை நெருங்கும். தோட்டாவும் ஒலிவேகத்துக்குப் பக்கத்தில் தள்ளாடும். காற்றைப் படிக்கும் பாடத்துக்கு .308 நல்ல வாத்தியார் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் வகுப்புக்கு அந்த வாத்தியார் கொஞ்சம் அதிகமாகவே அடிப்பார்.

வகுப்புக்குத் தோட்டா இருநூறு, எல்லாம் ஒரே லாட் எண், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதி. பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அந்த எண் மாறினால் வேகமும் மாறலாம். நொடிக்கு 20 அடி வித்தியாசம்கூட 1,000 கஜத்தில் 5 அங்குலம் மேலோ கீழோ கொண்டுபோய்விடும். பெட்டியை வெயிலில் திறந்து வைப்பதும் அதே தவறு: சூடான வெடிமருந்து வேகமாக எரியும்.

வகுப்பில் அரைநாளைத் தின்னும் கோளாறு எது என்றால், தளர்ந்த திருகு. ஸ்கோப் வளையத் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அலுமினிய சேசிஸில் (ரைஃபிளைத் தாங்கும் சட்டம்) ரைஃபிளின் இயக்கப் பகுதியைப் பிடிக்கும் ஆக்‌ஷன் திருகுகளுக்கு 65 அங்குல-பவுண்டு என்பது வழக்கம். தயாரிப்பாளர் வேறு எண் சொன்னால் அதுவே சரி. கை பலத்தை நம்பாமல் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கி, திருகின் தலையிலிருந்து உடல்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், அசைந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். "ஸ்கோப் கெட்டுப்போச்சு" என்று வரும் புகார்களில் நிறைய இந்தக் கோட்டோடு முடிந்துவிடும்.

முதல் நாள் காலை முழுக்கப் படுக்கும் முறை. ஸ்கோப்பின் கண் பக்க வளையத்தைத் திருப்பி ரெட்டிகிளை (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளை) முதலில் கூர்மையாக்க வேண்டும். வெறும் வானத்தைப் பார்த்துச் செய்வது நல்லது. அதன்பிறகுதான் பாரலாக்ஸ் குமிழ். அதில் எழுதியிருக்கும் தூர எண்களை நம்பக் கூடாது. ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் லேசாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இலக்கின் மேல் ரெட்டிகிள் நகர்ந்தால் பாரலாக்ஸ் இன்னும் மிச்சம் இருக்கிறது. உடம்பு பேரலின் நேர்கோட்டில் பின்னால் நீண்டிருக்க வேண்டும். கோணலாகப் படுத்தால் உதைப்பு தோளைச் சுழற்றும், பைபாட் (முன்பக்க இருகால் தாங்கி) ஒரு பக்கம் துள்ளும், சுட்டபின் தகட்டையே காணாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். தோட்டா போய் விழுவதைச் சுட்டவரே ஸ்கோப்பில் பார்ப்பதுதான் படுக்கை சரியா என்பதற்கான சோதனை. 6.5 கிரீட்மோரில் தோட்டா 1,000 கஜம் போக ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் ரைஃபிள் இலக்குக்குத் திரும்பிவிட வேண்டும்.

இதில் பலரும் தாண்டிப்போவது இயல்பான குறியை, அதாவது உடம்பு தளர்ந்திருக்கும்போது ரைஃபிள் தானாக நிற்கும் இடத்தை. குறிவைத்துக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறவுங்கள். ரெட்டிகிள் விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது; இடுப்பையும் பைபாடையும் சேர்த்து நகர்த்த வேண்டும். உயரத்தைப் பின்பக்க மணல்பையைப் பிசைந்தே சரிசெய்யலாம். அந்தப் பைக்கு ஆகும் சில்லறைச் செலவு, அதைப்போல முப்பது மடங்கு விலையில் வாங்கும் பல சாமான்களைவிட உதவும். மூச்சை வெளியே விட்டு, இயல்பாக வரும் இடைவெளியில் ட்ரிக்கரை நேர் பின்னால் அழுத்தி, வெடித்த பிறகும் ஒரு நொடி விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்பு விதிகள் எங்கும் ஒன்றுதான். காதுக்கு மட்டும் இரட்டைக் காப்பு போடுங்கள்: பக்கத்து ஆளின் மசில் பிரேக் (பேரல் நுனியில் வாயுவைப் பக்கவாட்டில் விடும் கருவி) உங்கள் காதை நோக்கித்தான் வெடிக்கும்.

100 கஜத்தில் ஜீரோ செய்யும்போது (குறியும் தோட்டா விழும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது) மூன்று தோட்டாக் குழு போதாது. பத்து சுட்டு நடுவைக் கண்டுபிடியுங்கள். அதற்குப்பின் டரெட்டை ஜீரோவில் தடுத்து நிறுத்தும் ஜீரோ ஸ்டாப்பைப் பூட்டுவது கட்டாயம். பூட்டாதவர்கள் நாள் முடிவில் டரெட்டை ஒரு முழுச் சுற்று மேலேயே விட்டுவிட்டு, மறுநாள் முதல் தோட்டா எங்கே போனது என்றே தெரியாமல் விழிப்பார்கள். ஸ்கோப் சொன்ன அளவு நகர்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். 100 கஜத்தில் தொங்கவிட்ட உயரமான தாளில் நேர்குத்தான கோடு ஒன்று போட்டு, 10 மில் ஏற்றிச் சுட்டால் குழு 36 அங்குலம் மேலே விழ வேண்டும். பக்கவாட்டில் கோட்டைவிட்டு விலகினால் ஸ்கோப் சாய்வாக மாட்டப்பட்டிருக்கிறது. ஒரு பாகை சாய்வு 1,000 கஜத்தில் 5 அங்குலம் தள்ளும்.

தோட்டாவின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் செயலியில் விழும் பெரிய ஓட்டை காற்றழுத்தம். வானிலைச் செய்தி சொல்லும் அழுத்தம் கடல்மட்டத்துக்குத் திருத்தியது; செயலிக்கு வேண்டியது நிற்கும் இடத்தின் உண்மை அழுத்தம். நியூ மெக்சிகோவில் ரேட்டன் ஊருக்கருகே உள்ள விட்டிங்டன் மையம் கடல்மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே உண்மை அழுத்தம் 24 அங்குலப் பாதரசத்தை ஒட்டி இருக்கும்போது 29.92 என்று போட்டால், காற்று அடர்த்தியாக இருப்பதாக நினைத்து செயலி அரை மில்லுக்கு மேல் கூட்டிக் கொடுக்கும். தோட்டா தகட்டின் தலைக்கு மேலே 18 அங்குலத்துக்கும் கூடுதலாகப் பறக்கும். தோட்டாவின் வேகத்தை அளக்கப் பேரலில் கட்டும் வகை வேகமானி இன்னொரு பொறி. அது தொங்கும்போது தோட்டா விழும் இடமே மாறும், ஆகவே அதைக் கட்டிக்கொண்டு ஜீரோ செய்யக் கூடாது. புதுப் பேரல் முதல் நூறு, இருநூறு தோட்டாவுக்கு வேகம் கூடிக்கொண்டே போகும். அதற்குமுன் செயலியை நிஜத்துக்கு ஒட்டவைப்பது வீண்வேலை.

இதெல்லாம் கணக்கு. கணக்கு ஒருநாளில் வந்துவிடும். காற்று வராது.

நல்ல வகுப்பில் முதலில் சொல்லித்தருவது ரைஃபிளின் காற்று எண். 100 கஜத்தில் 0.1 மில், 500-ல் 0.5, 1,000-ல் 1 மில் என்று தள்ளும் காற்றின் வேகம் அது. 6.5 கிரீட்மோருக்குக் கடல்மட்டத்தில் மணிக்கு 5 மைல், உயரமான இடத்தில் 6 அல்லது அதற்குமேல். எண் 5 என்றால், 700 கஜத்தில் 10 மைல் காற்றுக்கு 0.7-ஐ இரண்டால் பெருக்கி 1.4 மில். காற்று 45 பாகையில் வந்தால் அதில் 0.7 பங்கு, 30 பாகையில் பாதி. செயலியே தேவையில்லை. வேகத்தைக் கணிப்பதுதான் கடினம். காற்றை அளக்கும் கெஸ்ட்ரெல் கருவி நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றை மட்டுமே சொல்லும். தோட்டாவோ 1,000 கஜப் பாதையின் உச்சியில் பார்வைக்கோட்டுக்குப் பத்தடி மேலே போகிறது. அங்கே காற்று புல்லை அசைப்பதைவிட வேகம். ஆகவே கானலை, அதாவது சூட்டில் காற்று நெளிவதைப் படிக்கப் பழக வேண்டும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் இழுத்தால் கானல் அலை தெரியும். நேர் மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது எதிரிலோ பின்னாலோ இருந்து வருகிறது. சாய்ந்து ஓடினால் மெல்லிய காற்று. கிடையாகப் பட்டையாக ஓடினால் 10 மைல் பக்கம்; அதற்குமேல் கானல் வேறுபாடு காட்டாது, தூசியையும் புல்லையும் பார்க்க வேண்டியதுதான்.

இரண்டாம் நாளும் ஆசிரியரே காற்றுத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வகுப்பில் பாதிப் பணம் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுவதற்கு முன் மாணவர் தன் கணிப்பை எழுத வேண்டும்: குறைந்தபட்சம் 6 மைல், அதிகபட்சம் 10, பிடிப்பது 8. தவறினால் ரெட்டிகிளில் எத்தனை மில் தள்ளி விழுந்தது என்று அளந்து, கணிப்பில் எந்தப் பக்கம் பிழை என்று குறிக்க வேண்டும். சேருவதற்கு முன்பே இதைக் கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்றும் கேளுங்கள்; நாலுக்கு மேல் போனால் யார் தோட்டாவையும் யாரும் பார்க்க முடியாது.

இனி இரண்டு ஆண்டுக் கணக்கு. படுக்கும் முறை மறக்காது. வாரத்தில் இருமுறை பத்து நிமிடம் தோட்டா இல்லாமல் வெற்றாகச் சுட்டால் ட்ரிக்கரும் நிற்கும். அதற்கு முன் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள். காற்றுக் கணிப்புதான் மூன்று மாதத்தில் கரைந்துபோகும். அதைக் காப்பாற்ற 6.5 கிரீட்மோரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்: அதன் பேரல் இரண்டாயிரம், மூவாயிரம் தோட்டாவில் தேயும், போட்டித் தரமான ஒரு மேட்ச் தோட்டாவுக்கு ஒன்றரை டாலருக்கு மேல் போகும். ஒலிவேகத்துக்குக் கீழே செல்லும் 40 கிரெயின் .22 தோட்டாவை 200 கஜத்தில் சுடுங்கள். 10 மைல் காற்று அதையும் ஏறக்குறைய 2 மில்தான் தள்ளும், அதாவது 1,000 கஜத்து 6.5-க்கு நிகர். ஒரு பெட்டி .22 வாங்கி வாரம் ஐம்பது சுடுபவர், கார்பன் சுற்றிய பேரல் மாட்டி வருடத்துக்கு நாலு தடவை வருபவரை மைதானத்தில் தாண்டிவிடுவார்.

குறிப்பேட்டில் ஒரு பத்தியை மட்டும் தனியாக ஒதுக்குங்கள்: அன்றைய முதல் தோட்டா. பேரல் ஆறியிருக்கும், கையும் ஆறியிருக்கும், காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. தேதி, வெப்பநிலை, அழுத்தம், தூரம், கணித்த காற்று, விழுந்த இடம். இருபது வரி சேர்ந்தபிறகு படித்தால், பேரலைத் துடைத்த மறுநாளெல்லாம் முதல் தோட்டா மட்டும் ஒரே பக்கம் விலகியிருக்கிறதா, அல்லது இடமிருந்து வரும் காற்றை எப்போதும் குறைத்தே கணிக்கிறீர்களா என்பது அதிலேயே எழுதியிருக்கும்.