அப்பா பேரில் இருந்த போன்

மெல்போர்னிலிருந்து மூன்று வருஷம் கழித்து இந்த டிசம்பரில் ஊருக்குப் போய் வந்தேன். ஊர் என்றால் எங்களுக்கு மும்பைதான், சயான் கோலிவாடா. அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவர். நானும் தம்பியும் பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் இங்கேதான். அப்பா போய் நாலு வருஷம் ஆகிவிட்டது, வீட்டு லேண்ட்லைன் மட்டும் இன்னும் அவர் பேரிலேயே இருந்தது. அதைத் தன் பேருக்கு மாற்றித் தர வேண்டும் என்று அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஏட்டி, எது போனாலும் போகட்டும், நம்பர் மட்டும் போயிரக் கூடாது." அதனால் இந்த முறை முதல் வேலை அதுதான் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

முதலில் சிம் கார்டு கதையைச் சொல்லிவிடுகிறேன், இப்போது வெளிநாட்டிலிருந்து போகிற பலருக்கும் இது ஒரு தலைவலி. நான் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டுக்கு மாறிவிட்டேன், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியர்களுக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கம்பெனிக் கடைக்குப் போனேன். பாஸ்போர்ட், ஓசிஐ, போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டு, உள்ளூர் நம்பர் ஒன்று வேண்டும், அதற்கு ஓடிபி போகும் என்றார்கள். அம்மாவிடம் மொபைல் கிடையாது, லேண்ட்லைன்தான். லேண்ட்லைனுக்கு ஓடிபி வராது. தம்பி புனேயில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்ததால் அவன் போனை எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து போட்டோ. நாலாவது நாள்தான் சிம் வேலை செய்தது. போகிறவர்கள் நிதானமாகப் பேசக்கூடிய ஒரு சொந்தக்காரரை மொபைலோடு கையோடு கூட்டிக்கொண்டு போங்கள், பாதி வேலை மிச்சம். அந்த நாலு நாளும் நான் பேசியதெல்லாம் அம்மாவின் லேண்ட்லைனில்தான்.

அந்த லைனைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. டெல்லிக்கும் மும்பைக்கும் மட்டும் என்று மத்திய அரசு தனியாக ஆரம்பித்த கம்பெனி எம்டிஎன்எல், மஹாநகர் டெலிபோன் நிகாம். 1986 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது. மற்ற ஊர்களெல்லாம் தொலைத்தொடர்புத் துறையிடமே இருந்து, 2000 அக்டோபரில்தான் பிஎஸ்என்எல் ஆயின. எம்டிஎன்எல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பது மும்பைத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். தானே, நவி மும்பை வரைக்கும் ஏரியா கோடு 022. அதைத் தாண்டி டோம்பிவலி போனால் 0251, அது பிஎஸ்என்எல். எங்கள் மாமா வாடகை கட்டுப்படியாகாமல் டோம்பிவலிக்குக் குடிபோனபோது அப்பாவுக்கு முதல் கவலை, "இனிமே அவனுக்கு எஸ்டிடி போட்டுல்ல பேசணும்" என்பதுதான். லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை, போனில் வெளியூர்!

அப்பா 1988-இல் எழுதிக் கொடுத்து, லைன் வந்தது 1993-இல். அப்போது பம்பாயில் அது சாதாரணம், கூடுதல் பணம் கட்டி முன்னாடி வாங்கும் திட்டம் ஒன்று இருந்தது, ஆனால் ஒர்க்‌ஷாப் சம்பளத்துக்கு எட்டாது. போன் வந்த அன்று எங்கள் மாடியில் இருந்த பதினாறு வீட்டுக்காரர்களும் வந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு அது பதினாறு வீட்டுக்கும் போன். திருநெல்வேலியிலிருந்து அழைப்பு வந்தால் நான் ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டும். அப்பாவின் ஊருக்கு நாங்கள் பேசுவது இரவு பதினோரு மணிக்கு மேல், அப்போதுதான் சார்ஜ் நாலில் ஒரு பங்கு. ஆனால் ஊரில் போன் இருந்தது மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டில் மட்டும். பதினோரு மணிக்கு அவரை எழுப்பி, "அத்தையைக் கூட்டிட்டு வாங்க, பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிடுறோம்" என்று சொல்ல அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும். முன்கூட்டியே கடிதம் போட்டுத் தேதி சொல்லிவிடுவார். பாட்டி செத்த செய்தியும் அந்தப் போனில்தான் வந்தது, என் முதல் வேலைக்கான இன்டர்வியூ அழைப்பும் அதில்தான். இடையில் ஏழு இலக்க நம்பருக்கு முன்னால் ஒரு 2 சேர்ந்து எட்டு இலக்கம் ஆனது. மற்றபடி நம்பர் மாறவே இல்லை. ஊரில் எங்கள் சொந்தக்காரர் வீட்டு நாட்காட்டி பின்பக்கத்திலெல்லாம் பேனாவால் எழுதியிருக்கும் நம்பர் அது. அம்மா ஏன் விட மாட்டேன் என்கிறாள் என்று இப்போது புரிகிறதா?

சரி, இந்த முறை நடந்ததற்கு வருகிறேன். நான் வந்த ஆறாவது நாள் தெருவில் பைப் போடுகிறோம் என்று யாரோ ஒரு காண்டிராக்டர் ஆட்கள் தோண்டினார்கள், தோண்டியதில் போன் கேபிளை அறுத்துவிட்டார்கள். அறுத்தவர்கள் மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் கட்டடம், பக்கத்துக் கட்டடம் இரண்டிலும் லைன் செத்தது. நான் 198-க்குப் புகார் கொடுத்தேன். யாரும் வர மாட்டார்கள் என்று எதிர்வீட்டு ஆன்ட்டி அடித்துச் சொன்னார். மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஒருவர் தோளில் ஒரு ரெக்சின் பையோடு வந்து குழியில் இறங்கினார்.

நான் அதுவரைக்கும் கேபிள் ஜாயின்ட் போடுவதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. கறுப்பு உறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தார், உள்ளே வழவழவென்று ஜெல்லி, அதற்குள் நூறு ஜோடி மெல்லிய கம்பிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் நிறம், வெள்ளையோடு நீலம், வெள்ளையோடு ஆரஞ்சு, வெள்ளையோடு பச்சை, அப்படியே போகிறது. இந்தப் பக்கத்து நீலத்தை அந்தப் பக்கத்து நீலத்தோடு சேர்த்து, சுண்டு விரல் நகம் அளவு ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பிக்குள் நுழைத்து, பிளையரால் ஒரு அழுத்து. டிக். அடுத்தது. கம்பியை உரிக்கக்கூட வேண்டாம், அந்தக் குப்பிக்குள் இருக்கிற தகடே உறையைக் கடித்துக்கொள்ளுமாம். நூறு ஜோடி என்றால் இருநூறு கம்பி, இருநூறு தடவை அந்த டிக். குழிக்குள் குத்த வைத்தபடியே மத்தியானம் இரண்டு மணி வரை செய்தார். அம்மா இரண்டு தடவை சாயா கொண்டுபோய்க் கொடுத்தாள். "பாவ், பெஹ்லே பானி பியோ" (தம்பி, முதல்ல தண்ணி குடி) என்று தன் பம்பாய் இந்தியில் அதட்டினாள். அவர் மராட்டிக்காரர், அம்மாவை அம்மா என்றே கூப்பிட்டார்.

பேசிப் பார்த்ததில் அவர் முப்பத்திரண்டு வருஷம் எம்டிஎன்எல்லில் ஜாயின்டராக இருந்தவர் என்று தெரிந்தது. 2020 ஜனவரி 31-ஆம் தேதி விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். அந்த ஒரே நாளில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எம்டிஎன்எல்லை விட்டுப் போனார்கள், இருந்த ஆட்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேல். பிறகு காண்டிராக்டில் அதே கேபிளுக்கே திரும்பி வந்திருக்கிறார். எந்தச் சந்தில் எந்தக் கேபிள் எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று அவர் தலையில்தான் இருக்கிறது. கடைசியில் கையிலிருந்த டெஸ்ட் போனை மாட்டி நம்பர் போட்டார், மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டில் மணி அடித்தது குழிவரைக்கும் கேட்டது. அம்மா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள்.

இந்த மனிதரைப் பார்த்த பிறகு, "அரசாங்க ஆட்கள் வேலை செய்யாததால் எம்டிஎன்எல் கெட்டது" என்று வாட்ஸ்அப்பில் வருவதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. கெட்டதற்குக் காரணம் வேறு. இந்தியாவில் முதன்முதலில் 3ஜி கொண்டுவந்ததே இந்தக் கம்பெனிதான், 2008 டிசம்பரில் டெல்லியில். பிறகு 2010-இல் அலைக்கற்றை ஏலம் நடந்தது. தனியார் கம்பெனிகள் போட்டி போட்டு ஏற்றிய விலையை, இரண்டே நகரத்தில் மட்டும் தொழில் செய்கிற எம்டிஎன்எல்லும் கட்ட வேண்டியிருந்தது. 11,000 கோடி ரூபாய்க்கு மேல், பெரும்பாலும் கடன் வாங்கி. அந்த வட்டி அதற்குப் பிறகு நிமிரவே விடவில்லை. டெல்லியையும் மும்பையையும் தாண்டினால் சொந்தமாக டவர் கிடையாது, இப்போதைய 4ஜி, 5ஜி போட்டியில் அது எப்படி நிற்கும்? 2019 அக்டோபரில் பிஎஸ்என்எல்லோடு இணைப்பதாக மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இணைப்பு நடக்கவில்லை, கடன் அதிகம் என்று தள்ளிப்போனது. பொதுத்துறை வங்கிகளுக்கு 8,000 கோடிக்கு மேல் கட்ட முடியாமல் தவணை தவறியிருப்பதாக 2025-இல் கம்பெனியே பங்குச்சந்தைக்குத் தெரிவித்தது. சேவையை நடத்துகிற பொறுப்பு 2025 தொடக்கத்திலிருந்து பிஎஸ்என்எல் கைக்குப் போய்விட்டது. தானேயைத் தாண்டியதும் இருந்த அந்தப் பழைய எல்லை இப்போது இப்படி அழிந்திருக்கிறது. நல்ல நாளிலேயே சேர்த்திருந்தால் இரண்டுக்கும் பலமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பேர் மாற்றுகிற வேலைக்கு எங்கள் பகுதி எக்ஸ்சேஞ்சுக்குப் போனோம். சின்ன வயசில் பில் கட்ட அப்பாவோடு வந்தபோது வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும், உள்ளே பத்துக் கவுன்ட்டர். இப்போது ஒரே கவுன்ட்டர்தான், எங்களுக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள். கவுன்ட்டரில் இருந்த அம்மையார் அம்மாவை உள்ளே நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, காகிதங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், கடைசியாகக் கட்டிய பில், பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்ட கடிதம். தம்பியின் கையெழுத்தை முன்னாடியே வாங்கி வைத்திருந்தேன், அது நல்லதாகப் போயிற்று. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதே வேலைக்குப் போகிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு முன்பே அண்ணன் தம்பிகளிடம் இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள், லீவு மிச்சமாகும். டெபாசிட் ரசீது, 1993-இன் பழுப்புக் காகிதம், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதைக் காட்டியதும் அந்த அம்மையார் இரண்டு கையாலும் வாங்கி, மடிப்பில் கிழியாமல் விரித்து, ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்தார். "இது வீட்டில் இருக்கட்டும்" என்றார். பத்து நாளில் மாறிவிடும் என்று சொன்னார், ஒன்பதாவது நாள் மாறிவிட்டது.

அவர் இன்னொன்றும் சொன்னார். செம்புக் கம்பி இன்னும் எவ்வளவு நாள் ஓடும் என்று தெரியாது, இதே நம்பரை வைத்துக்கொண்டே ஃபைபருக்கு மாறிக்கொள்ளலாம், இன்டர்நெட்டும் கிடைக்கும் என்று. எனக்கு அது சரியாகத்தான் பட்டது, அம்மாவை வீடியோவில் பார்க்கலாம். அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள், கரண்ட் போனால் பேச முடியுமா? முடியாது, ஃபைபர் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். பழைய லைனுக்கு வேண்டாம், எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பேட்டரியே கம்பி வழியாக மின்சாரம் அனுப்பிவிடும். 2020 அக்டோபர் 12-ஆம் தேதி மும்பை முழுக்கக் கரண்ட் போனதே, அன்று அப்பா ஆக்ஸிஜன் மெஷினில் இருந்தார். மெஷின் நின்றதும் அம்மா ஹாலுக்கு ஓடிப் போய் இந்தப் போனில்தான் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறாள். தம்பி எனக்கு அப்போது இதைச் சொல்லவே இல்லை, நான் பயப்படுவேன் என்று. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால் இப்போதைக்குச் செம்புக் கம்பியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கிளம்புகிற அன்று தாதர் பக்கம் போய் ஃபைபர் பெட்டிக்கு மாட்டுகிற சின்ன யூபிஎஸ் விலை விசாரித்தேன், நாலு மணி நேரம் தாங்குகிறது இருக்கிறது என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். "நாலு மணி நேரந்தானா?" என்று கேட்டாள். அதைவிடப் பெரியது கிடைக்குமா என்று புனேயில் பார்க்கச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.