கரும்பலகையில் வரைந்த ரயிலில் ஏறினோம்: நீலகிரி மலை ரயில் பயணம் பற்றி

நானும் என் கணவரும் பணியில் இருந்தபோதே, ஓய்வுக்குப் பிறகு செய்ய வேண்டியவை என்று ஒரு பழைய மதிப்பெண் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுதி வைத்திருந்தோம். அதில் முதல் வரி நீலகிரி மலை ரயில். அவர் இயற்பியல் ஆசிரியர், நான் புவியியல் ஆசிரியை. பல்சக்கரத்தையும், உயரம் கூடக்கூட வெப்பம் குறைவதையும் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து காட்டிய நாங்கள் இருவருமே அவற்றை நேரில் பார்த்ததில்லை என்பது மனத்தில் நெடுநாள் குறையாகவே இருந்தது. சென்ற பிப்ரவரியில் அந்தக் குறை தீர்ந்தது. எங்களைப் போலப் பணிநிறைவு பெற்ற நண்பர்கள் பலர் "இந்த வயதில் அந்த ரயிலில் போகலாமா?" என்று கேட்பதால் இதை எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குப் புறப்படும் வண்டி, 46 கிலோமீட்டர் ஏறி உதகைக்கு வந்து சேர நண்பகல் ஆகிவிடுகிறது. ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரமும் இறங்குவதற்கு மூன்றரை மணி நேரமும் ஆகின்றன. அவசரமாக உதகை போக வேண்டியவர்கள் பேருந்தில் போகலாம். பள்ளி மணிக்கு ஓடி ஓடிப் பழகிய எங்களுக்கோ, அந்த ஐந்து மணி நேரத்தில் ஒரு நிமிடம் கூட நீளமாகத் தோன்றவில்லை.

பாக்குத் தோப்புகள் சூழ்ந்த கல்லாறு வரை இது மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடுகிறது. கல்லாறைத் தாண்டியதும் வண்டியின் ஓசையே மாறிவிடுகிறது. அங்கிருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. பன்னிரண்டரை மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் செங்குத்தான பாதை என்பதால், வழுவழுப்பான சக்கரங்களின் பிடிமானத்தை மட்டும் நம்பி ஏற முடியாது; எஞ்சினின் பல்சக்கரங்கள் அந்தப் பற்களைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றன. நீராவி எஞ்சின் இந்தப் பகுதியில் வண்டியை இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஆகவே முதல் பெட்டியின் முன்வரிசையில் இடம் கிடைத்தவர்களுக்குப் பாதை முழுவதும் மறைப்பில்லாமல் தெரியும்.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது என் கணவர் இறங்கி, நடைமேடை ஓரத்தில் நின்று வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டீச்சர், இங்கே வந்து பாருங்கள்" என்று என்னை அழைத்துக் கைத்தடியால் சுட்டிக் காட்டினார். நடுவில் ஓடுவது ஒரு சட்டமன்று, அருகருகே இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மற்றதில் இடைவெளி வருமாறு அவற்றை அமைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஏறும்போது ஒரு பல் விட்டுப்போனால் வண்டி பின்னால் உருண்டுவிடாதா சார்?" என்று கேட்டிருக்கிறான். புத்தகத்தில் இருந்ததைச் சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டதாக இவர் அடிக்கடி வருத்தத்தோடு சொல்வார். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும் என்பதும், அதற்கும் மேல் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக் ஊழியர் கொடியோடு விழிப்பாக நிற்கிறார் என்பதும் அவனுக்குச் சொல்ல வேண்டிய முழுமையான பதில். எஞ்சினின் வழக்கமான சக்கரங்களைச் சுழற்றும் உருளைகளில் (சிலிண்டர்களில்) ஒருமுறை வேலை செய்த நீராவி வெளியே போய்விடாமல், அடுத்த உருளைகளுக்குச் சென்று பல்சக்கரங்களையும் சுழற்றுகிறது என்பதை அவர் எனக்கு விளக்கி முடிப்பதற்குள் ஊதல் ஒலித்துவிட்டது. குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் திறக்கப்பட்ட பாதை இது. அந்தப் பழைய முறையிலேயே இன்றும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டதன் பொருத்தம் விளங்கும்.

என் பங்குக்கு நான் பள்ளி ஆய்வகத்தில் இருப்பது போன்ற ஒரு வெப்பமானியைக் கைப்பையில் கொண்டு போயிருந்தேன். 326 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்தில் காலையில் 22 டிகிரி. 2,203 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் நண்பகலில் 18 டிகிரி. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று கற்பித்தவளுக்கு, நான்கே டிகிரி வித்தியாசம் என்பது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் ஏறிய நேரத்தில் வெயிலும் ஏறியிருக்கிறதே! அலைபேசியில் பார்த்தேன், அதே நேரம் மேட்டுப்பாளையத்தில் 31 டிகிரி. பதின்மூன்று டிகிரி வித்தியாசம். கணக்குப்படி வர வேண்டியது பன்னிரண்டு. இந்தக் கணக்கை மாணவர்களோடு இந்த ரயிலிலேயே உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இப்போது பணியில் உள்ள ஆசிரியர்கள் ஒரு வகுப்பையாவது அழைத்துப் போக வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

குன்னூரில் நீராவி எஞ்சினுக்குப் பதிலாக டீசல் எஞ்சின் பூட்டப்படுகிறது. அதன் பிறகு வரும் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் ஆகிய நிலையங்களும் தேயிலைச் சரிவுகளும் அழகானவைதாம், என்றாலும் இந்தப் பயணத்தின் உயிர் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது. குன்னூரிலிருந்து உதகைக்கு மட்டும் போய்விட்டு மலை ரயிலைப் பார்த்துவிட்டோம் என்று திரும்புகிறவர்களுக்காக வருந்துகிறேன்.

வயதானவர்கள் கவனிக்க வேண்டிய சில செய்திகள் உண்டு. பெட்டிகளில் கழிப்பறை இல்லாததால், வண்டி நிற்கும் நிலையங்களில் இறங்கிக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயுள்ளவர்கள் உணவைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை ரயில்வே 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டதால், முழுக் கட்டணமே செலுத்த வேண்டும். முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. திறக்கும் நாளிலேயே பதிவு செய்துவிடுங்கள். எங்கள் ஊரில் ஒரு முகவர், முந்தைய ஆண்டு, குன்னூர் வரைக்கான பயணச்சீட்டை உதகை வரைக்குமானது என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். புறப்படுவதற்கு முதல் நாள் இரவில்தான் அதைக் கவனித்தோம். பயணத்தையே ஓராண்டு தள்ளிப்போட நேர்ந்தது. சீட்டில் இறங்குமிடத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் சேவை நிறுத்தப்படுவது உண்டு என்பதால், ஜனவரிக்குப் பிறகு திட்டமிடுவதே நலம்.

அன்று மாலை உதகையில் அறைக்கு வந்ததும் என் கணவர், ஹில்குரோவில் எடுத்த பல்சட்டத்தின் படத்தை அந்த மாணவனுக்கு அனுப்பி, பதிலையும் முழுமையாக எழுதினார். அவருக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. கோடை விடுமுறையில் தன் பிள்ளைகளோடு எங்களையும் மறுபடி அழைத்துப் போவதாகச் சொன்னார். முன்பதிவு திறக்கும் தேதியைப் பதிவேட்டின் அதே பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.