இம்போர்ட்டா, டைரக்ட்குவெரியா?

பழைய அறிக்கைகளை மைக்ரோசாஃப்டின் அறிக்கைக் கருவியான பவர் பிஐக்கு மாற்றும்போது டீமில் கட்டாயம் வரும் சண்டை இது: தரவை உள்ளே நகலெடுத்து வைப்பதா (இம்போர்ட்), தேவைப்படும்போதெல்லாம் மூலத்திடமே கேட்பதா (டைரக்ட்குவெரி)?

வேகம்: இம்போர்ட் தரவைச் சுருக்கி நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், கிளிக் செய்ததும் பதில். டைரக்ட்குவெரியிலோ ஒவ்வொரு சார்ட்டும் மூல டேட்டாபேஸைத் தட்டி எழுப்பும். ஒரு பக்கத்தில் 15 சார்ட் வைத்து, திங்கள் காலை எல்லோரும் ஒன்றாகத் திறந்தால்? டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ முகத்தில் விழிக்க முடியாது.

புதுத்தரவு: பவர் பிஐ ப்ரோ லைசென்ஸில் இம்போர்ட்டுக்கு ஒரு நாளைக்கு 8 ரெஃப்ரெஷ்தான் (தரவுப் புதுப்பிப்பு) திட்டமிடலாம். டைரக்ட்குவெரி அப்போதைய நிலவரத்தையே காட்டும்.

அளவு: ப்ரோவில் இம்போர்ட் மாடல் 1 ஜிபிக்குள் அடங்க வேண்டும்.

சரி, எது யாருக்கு? மாதாந்திர விற்பனை, நிதி அறிக்கைக்கு இம்போர்ட். கிடங்கு இருப்பை நிமிடத்துக்கு நிமிடம் பார்ப்பவர்களுக்கு டைரக்ட்குவெரி. "ரியல்டைம் வேண்டும்" என்பவரிடம் ஒரு நாளில் எத்தனை முறை திறப்பீர்கள் என்று கேளுங்கள். பலருக்குக் காலை ரெஃப்ரெஷ் ஒன்றே போதும்.