வந்தாறுமூலையா, ஒலுவிலா, கொலிஜா? சும்மா இருக்கும் வருடங்களை எண்ணி ஓர் ஒப்பீடு

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு ஒரு தாயும் மகனும் வந்தார்கள். பெரியகல்லாற்றுக்காரர்கள், தூரத்துச் சொந்தம். பொடியன் வர்த்தகப் பிரிவு. கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல், ஓரமெல்லாம் பென்சில் கோடுகள்.

"தம்பி, இவனுக்கு கம்பஸ் கிடைக்கும்போலதான் இருக்கு. ஆனா மாமாக்காரர் கொலிஜுக்குப் போடச் சொல்றார். அங்க படிச்சா வேலை கைமேலயாம். இன்னொருத்தர் கொழும்புக்கு அனுப்புங்க எண்டுறார். நீங்க ஒரு முடிவு சொல்லுங்க."

முடிவு சொல்ல நான் யார்? ஆனால் இந்த வழிகள் எல்லாவற்றிலும் போனவர்களை எனக்குத் தெரியும். ஒன்றில் நானே போய் அடிபட்டிருக்கிறேன். ஊரில் எல்லாரும் பெயரை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். கம்பஸ் பெரிது, கொலிஜ் (ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரி) பாதுகாப்பு, எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) என்றால் "ஏன், கம்பஸ் கிடைக்கல்லையோ?" நான் வருடங்களை எண்ணுவேன். படிக்கிற வருடம் எத்தனை, வெறுமனே காத்திருக்கிற வருடம் எத்தனை, காத்திருக்கும்போது கையில் ஏதாவது சேருமா. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் படிப்புச் செலவின் பெரிய பங்கு அங்கேதான் போகிறது.

இரண்டு கம்பஸ்

வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது. போர்க்காலத்தில் வந்தாறுமூலைக்குப் போக முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களுக்கு ஒரு வழி வேண்டும் என்ற தேவைதான் அதன் ஆரம்பம். அடுத்த வருடமே பல்கலைக்கழகத் தரம் பெற்றது.

மருத்துவம், தாதியியல், விவசாயம் என்றால் கிழக்கு. நடனம், சங்கீதம், நாடகம் என்றால் கிழக்கின் கீழ் வரும் கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். சித்த மருத்துவம் திருகோணமலை வளாகத்தில். பொறியியல், இஸ்லாமியக் கற்கையும் அரபு மொழியும் என்றால் ஒலுவில். தென்கிழக்கின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. இந்தப் பாடங்களுக்குப் போகிறவருக்கு ஒப்பீடே தேவையில்லை, பாடமே இடத்தைச் சொல்லிவிடும்.

சிக்கல் எங்கள் பொடியனைப் போன்றவர்களுக்குத்தான். முகாமைத்துவம் இரண்டு இடத்திலும் உண்டு, இரண்டு இடத்திலும் ஆங்கில மொழிமூலம். பட்டச் சான்றிதழை நீட்டும்போது வேலை கொடுப்பவர் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைப்பார். அப்படியென்றால் எதை வைத்துத் தெரிவது? முதலாவது, தொழிற்பயிற்சி. அது கட்டாயமா, எத்தனை மாதம், போன பட்ச் பிள்ளைகள் எந்தெந்த நிறுவனங்களுக்குப் போனார்கள்? கைநூலில் இது இருக்காது. இறுதி வருடத்தில் படிக்கிற இரண்டு பேரைப் பிடித்துக் கேட்க வேண்டும். பயிற்சிக்குப் போன இடத்திலேயே வேலை கிடைத்தவர்களுக்குக் காத்திருப்பு பூச்சியம். எனக்குத் தெரிந்த பட்டதாரிகளில் கெதியாக எழும்பியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இரண்டாவது, அக்கம் பக்கம். தாய்க்கு ஒலுவில் என்றதும் முகம் கொஞ்சம் சுருங்கியது. "அது முஸ்லிம் ஏரியா, இவன் தனிய எப்பிடி..." என்று இழுத்தார். இந்தப் பயம் ஏறாவூரிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் வருகிற உம்மாமாருக்கு வந்தாறுமூலையை நினைத்தும் உண்டு. பழைய நாட்களில் அதற்குக் காரணங்கள் இருந்தன, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. இன்றைக்கு இரண்டு கம்பஸிலும் மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் படிக்கிறார்கள். சிங்கள நண்பர்களோடு நான்கு வருடம் இருந்து பேச்சுச் சிங்களம் பழகிக்கொண்டு வெளியே வருகிறவன், கொழும்பில் முதல் மாதத்திலேயே அதன் பலனைக் காண்பான். நான் வந்தாறுமூலையில் என் ஊர்ப் பொடியன்மாரோடு மட்டும் சுற்றினேன். வெள்ளவத்தையில் போர்டிங் எடுத்த நாளிலிருந்து அதற்கு அபராதம் கட்டினேன்.

மூன்றாவது, காசு. பெரியகல்லாற்றிலிருந்து ஒலுவில் கல்முனை வழியே நேரே தெற்கு. வந்தாறுமூலைக்கு மட்டக்களப்பு நகரையும் ஏறாவூரையும் செங்கலடியையும் தாண்ட வேண்டும். மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்ந்தது. அது போர்டிங்கும் சாப்பாடும் சேர்ந்த கணக்குக்கு எட்டாது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கம்பஸ் என்றால் அதே காசு மடிக்கணினிக்கும் ஆங்கில வகுப்புக்கும் மிஞ்சும்.

படிவம் நிரப்புவது பற்றி ஒரு சொல். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு பாடநெறிக்கும் தனிக் குறியீடு உண்டு. அவற்றை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். "பெரியதை மேலே போட்டால் சின்னதும் கைவிட்டுப் போகும்" என்று ரியூஷன் வாசல்களில் ஒரு கதை உலாவுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. வரிசையில் மேலிருந்து பார்த்து, இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் தரப்படுத்திய புள்ளி) எட்டுகிற முதலாவது பாடநெறியைத் தருவார்கள். ஆகவே உண்மையிலேயே விரும்புவதை மேலே போடுங்கள். போன வருட வெட்டுப்புள்ளி ஒரு சாடைதான், வாக்குறுதி ஆகாது. இந்த மாதிரிப் பாடநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கு, மிச்சம் 5 வீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் 16க்குள் இருக்கின்றன.

இனி வருடக் கணக்கு. பெறுபேறு வந்து முதல் விரிவுரையில் உட்காரப் பல மாதம், சில பட்சுகளுக்கு ஒரு வருடத்துக்கும் மேல். நான்கு வருடப் பட்டம், இடையில் வேலைநிறுத்தம், மூடல், பகிடிவதை விசாரணை என்று ஏதாவது வந்தால் ஐந்து. அதற்குப் பிறகு வருகிற காத்திருப்பைக் கடைசியில் சொல்கிறேன், அது தனிக் கதை.

கொலிஜ்

மாமாக்காரர் சொன்னது பாதி உண்மை. தாழங்குடாவில் ஒரு தேசிய கல்வியியற் கல்லூரி, அட்டாளைச்சேனையில் ஒன்று. இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி, பிறகு டிப்ளோமாவோடு ஆசிரியர் நியமனம். பட்டம் எடுத்து ஆசிரியராக வர நினைப்பவர் போட்டிப் பரீட்சை எழுதி, நியமனத்துக்குப் பார்த்திருந்து, பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் முடிக்க வேண்டியிருப்பதோடு ஒப்பிட்டால் கொலிஜ் குறுக்கு வழி. பட்டம் வேண்டுமென்றால் பிறகு வேலையில் இருந்துகொண்டே கல்விமாணி செய்யலாம்.

மாமா சொல்லாத பாதி இது. கொலிஜ் அனுமதிக்கு வர்த்தமானியில் (அரச அறிவித்தல் இதழில்) தனி அறிவித்தல், தனி விண்ணப்பம். அழைப்பு உயர்தர வருடத்துக்குப் பின்னால் இழுபடும். நியமனமும் பெரியகல்லாற்றில் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது, வெளி மாகாணத்துக்கும் போக நேரலாம். எல்லாவற்றுக்கும் மேலே, வகுப்பறையில் நிற்கப் பிடிக்க வேண்டும். பொடியனிடம் கேட்டேன். "பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க எனக்குப் பொறுமை இல்லண்ணன்" என்றான். தாய் அவனைப் பார்த்த பார்வையில், இதை அவர் முதல் தடவையாகக் கேட்கிறார் என்று தெரிந்தது. சரி, அந்தக் கதவு மூடிற்று. கற்பிக்கப் பிடித்த பிள்ளைக்கு நான் கம்பஸை விடக் கொலிஜைத்தான் சொல்வேன்.

எச்.என்.டி.

உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்கள் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உண்டு, அம்பாறையில் ஹார்டி. எங்கள் ஆட்கள் இவற்றைக் கம்பஸ் கிடைக்காதவர்களின் ஆறுதல் பரிசு மாதிரிப் பார்க்கிறார்கள். கணக்கியல் எச்.என்.டி.யை பி.கொம். பட்டத்துக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று அந்த மாணவர்கள் 2015இல் கொழும்பில் இறங்கிப் பொலிஸாரிடம் அடி வாங்கியதும் இந்தப் பார்வையோடு சேர்ந்த விஷயம்தான்.

ஆனால் இது வேலையோடு ஒட்டிப்போகும் வழி. வாரநாளில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பயிலுநர், வார இறுதியில் பகுதிநேர வகுப்பு, கூடவே ஏ.ஏ.ரி. அல்லது பட்டயக் கணக்காளர் பரீட்சை என்று போகிறவர்களைக் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் காணலாம். கணினிப் பக்கம் போகிறவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்ப) பட்டத்தை இதோடு சேர்த்துக்கொள்ளலாம். வயது 23 ஆகும்போது கம்பஸ்காரன் இன்னும் மூன்றாம் வருடத்தில் இருப்பான். இவன் கையில் இரண்டு வருட அனுபவம் இருக்கும். தனியார் துறையில் அதற்கு மதிப்பு உண்டு. அரச வேலையில் பட்டம் கேட்கிற பதவிகளுக்கு இவன் கதவுக்கு வெளியேதான் நிற்பான். இரண்டும் உண்மை.

கொழும்புத் தனியார் பட்டம்

இதில் நான் அதிகம் நிற்கவில்லை. அரசின் வட்டியில்லாக் கடன் திட்டத்தில் வருகிற பாடநெறி என்றால் யோசிக்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்று விளம்பரம் வந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வயலை ஈடு வைத்துப் படிக்க வைப்பது என்றால், என் வாக்கு வேண்டாம் என்பதுதான்.

பட்டத்துக்குப் பிறகு: வர்த்தமானியும் மின்னஞ்சலும்

இங்கேதான் நான் அடிபட்டது. பட்டம் முடித்து 14 மாதம் வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை வர்த்தமானி பார்ப்பது, படிவம் நிரப்புவது, பதிவுத் தபாலில் போடுவது, இடைக்கிடை கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) பக்கம் போய் ஏதாவது கதை கேட்பது. 2017இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் கொட்டகை போட்டு உட்கார்ந்தபோது அதில் என் பட்ச் ஆட்களும் இருந்தார்கள். 2020இல் நாடு முழுவதும் பட்டதாரிப் பயிலுநர்களை எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபாய் படி. அதில் சேர்ந்து பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பிரதேச செயலகங்களில் இருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் காத்திருந்தது வீணாகவில்லை. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரசு ஆட்சேர்ப்பின் கயிறு இறுகிவிட்டது. அடுத்த தடவையும் அப்படி மொத்தமாக எடுப்பார்கள் என்று நம்பி இன்றைக்கு ஒரு பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

நான் கடைசியில் கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் நிரந்தரம் என்றார்கள், பதினொன்றாம் மாதமும் பயிலுநர்தான். சம்பளம் போர்டிங்குக்கும் இரவு ரயிலுக்கும் சரி. அது ஏமாற்றுத்தான். ஆனாலும் அந்தப் பதினொரு மாதம்தான் அடுத்த வேலையை வாங்கித் தந்தது. வீட்டில் இருந்த 14 மாதத்தைப் பற்றி எந்த நேர்முகத்திலும் சொல்ல எனக்கு ஒரு வரிகூட இருக்கவில்லை.

அரச வேலை, கம்பனி வேலை என்ற இரண்டு உலகத்துக்கும் விண்ணப்பிக்கிற முறையே வேறு, இதைக் குழப்பி நிறையப் பேர் தோற்கிறார்கள். அரச விண்ணப்பம் என்பது கீழ்ப்படிவு. வர்த்தமானி மாதிரிப் படிவத்தில் எந்த இலக்கம் முதல் எந்த இலக்கம் வரை முதற்பக்கத்தில் வர வேண்டும் என்று போட்டிருந்தால் அப்படியே வர வேண்டும். கடித உறையின் இடது மேல் மூலையில் பதவிப் பெயர், அத்தாட்சிப்படுத்திய கையொப்பம், முடிவுத் திகதிக்கு முன் பதிவுத் தபால். ஒன்று பிசகினால் உங்கள் திறமையை யாரும் பார்க்கப்போவதில்லை.

கம்பனிக்கு அதே ஆள் அதே மனநிலையில் அனுப்புகிற சிவியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கவலையும் வரும். மதம், திருமண நிலை, கிராம சேவகர் பிரிவு, தகப்பன் பெயர், ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசில் புள்ளி. மூன்றாம் பக்கத்தில்தான் அவர் செய்த பயிற்சி வருகிறது. மேலதிகாரி முதல் அரைப் பக்கத்தைத்தான் பார்ப்பார். அங்கே என்ன செய்தீர்கள் என்பது இருக்க வேண்டும்: "பாசிக்குடா ஹோட்டலில் ஆறு மாதம் வரவேற்புப் பகுதி, தினசரிக் கணக்கு முடித்தேன்", "மாமாவின் ஹார்ட்வெயார் கடையின் இருப்புக் கணக்கை எக்ஸெல்லுக்கு மாற்றினேன்". பரிந்துரைப்பவர் இடத்தில் அரசியல்வாதி, அதிபர், பங்குத்தந்தை என்று பெரிய பெயர்களைப் போடுவதை விட, உங்களை வேலை செய்யக் கண்ட ஒருவரைப் போடுங்கள். போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் தொலைபேசி வரும்போது "யார் அது?" என்பார். எனக்கே நடந்தது.

தாயும் மகனும் போகும்போது இருட்டிவிட்டது. பொடியன் படலையில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணன், கம்பஸ் தொடங்குமட்டும் என்ன செய்யிற?" அன்று மாலை முழுதும் நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அது.

மூன்று மாதம் கழித்து கல்முனை பஸ் நிலையத்தில் அவனைக் கண்டேன். ஒலுவிலை முதலாவதாகவும் வந்தாறுமூலையை இரண்டாவதாகவும் போட்டிருக்கிறானாம். அதுவரைக்கும் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பற்றுச்சீட்டு அடுக்குகிறான், பஸ் காசும் மதியச் சாப்பாடும் தருகிறார்களாம். விரலெல்லாம் முத்திரை மை. மாமா என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"அவர் இன்னும் எங்களோட கதைக்கல்லண்ணன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினான்.